பட்டிப்பொங்கலுக்கு வந்த லொறி

என் அத்தான் கனடாவில் பெற்ற பட்டங்களில் அவருக்கு மிகவும் பிடித்தது 'கமக்காரர்' என்பதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்தவரைக்கும் அவர் மண்வெட்டியைத் தொட்டதில்லை. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவர். வெள்ளைச் சேட்டில் தூசு படக்கூடாதென்று சைக்கிள் சீற்றைக் கைலேஞ்சியால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவார். அந்த மனிதரைப் பிடித்துக் கமக்காரராக்கியது ஒன்ராறியோ அரசாங்கம். அதற்காக அந்த அரசாங்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவும் அத்தானும் ரொறொன்ரோவின் பார்க்டேலில் கரப்பான் பூச்சிகளோடு பங்குக்கு இருந்த அப்பார்ட்மென்டை விட்டு, அஜின்கோர்ட்டில் வீடு வாங்கி வந்திருந்தார்கள். நான் அக்காவின் தம்பி. அந்த வீட்டின் பேஸ்மென்டில் இருந்தேன். நான் வேலை செய்த கதிரை மேசை செய்யும் ஃபக்டரி மெக்சிக்கோவுக்குப் போய்விட்டது. என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆகவே சனி ஞாயிறுகளில் அத்தானின் வான் ஓட்டுவதும், கிழமை நாட்களில் அவருடைய அறிவுரைகளைக் கேட்பதும் என் பொறுப்பில் வந்தன.

தமிழர்களுக்கு வருமானவரி செய்து கொடுக்கும் ஒருவர் அத்தானின் காதில் ஒரு நாள் ஓதினார். வீடுகள் பிக்கரிங் வரைக்கும் வந்துவிட்டன, இனி அங்காலேயும் போகும், இப்போதே காணி வாங்கிப் போட்டால் பிள்ளைகளின் காலத்தில் பொன்னாகும் என்று. அத்தான் பிக்கரிங்கைத் தாண்டி, அதற்கப்பாலும் ஒன்றரை மணி நேரம் தாண்டி, வீடுகள் இன்னும் இருநூறு வருடங்களுக்கு வரும் என்று தோன்றாத ஒரு நாட்டுப்புற மாவட்டத்தில் காணி வாங்கினார். கல்லும் முள்ளும், இடிந்த கொட்டில் ஒன்றும், சதுப்பும். முற்பணம் அக்காவின் சம்பளத்தில் சேர்ந்தது. காணி உறுதியில் முதல் பெயர் அத்தானுடையது.

முதல் வருடம் காணிவரி வந்தபோது அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நான் வானில் கூட்டிப்போக, காணி வேலியடியில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை, பக்கத்துப் பண்ணைக்காரர் கண்டார். பெரிய வயிறும், அதைவிடப் பெரிய பெல்ட் கொளுக்கியும் உள்ள வெள்ளைக்காரர். இறைச்சி மாடு வளர்ப்பவர். "நீ சும்மா காணிக்காரனாய் இருக்கிறாய், அதுதான் பிழை. கமக்காரனாய் இரு. வருசத்துக்கு இவ்வளவுக்கு விற்றுக் காட்டினால் வரியில் பெரும்பங்கு திரும்பி வரும்," என்றார். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்குமுன் அத்தானின் முகம் வெளித்துவிட்டது.

அப்படித்தான் மாடுகள் வந்தன. சிவப்பு உடம்பும் வெள்ளை முகமும் கொண்ட தடித்த மாடுகள். கறவைக்கானவை அல்ல. இந்த நாட்டில் பால் கறந்து விற்கவென்றால் அதற்குக் கோட்டா என்று அரசாங்கம் வகுத்த பங்கு வாங்கவேண்டும். அந்தப் பங்கின் விலைக்கு அஜின்கோர்ட்டில் இன்னொரு வீடு வாங்கலாம். இறைச்சி மாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. வளர்க்கலாம், விற்கலாம். யாருக்கு, எதற்கு என்பதை அத்தான் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. "மாட்டு வியாபாரம்" என்பார். பக்கத்துப் பண்ணைக்காரர் கிழமைக்கொரு தொகையை வாங்கிக்கொண்டு தீனி போட்டுப் பார்த்துக்கொண்டார். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் காற்சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு மேற்பார்வை செய்தார்.

அந்த ஊர்ச் சந்தியில் ஒரு டோனட் கடை இருந்தது. காலையில் அங்கே ஏழெட்டு மாட்டுக்காரர்கள் கூடுவார்கள். அரசாங்கத்தைத் திட்டுவதுதான் அங்கே தினசரிப் பூசை. அரசாங்கம் தங்களைச் சும்மா விட்டாலே போதும், தாங்கள் தங்கள் கையால் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் என்பார் ஒருவர். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு கோப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வேலிக்கு அரசாங்கம் அரைவாசி தரும் காசு உனக்கு வந்துவிட்டதா, எனக்கு இன்னும் வரவில்லையே என்று அதே ஆள் கேட்பார். உழவு இயந்திரத்துக்கு அடிக்கும் எண்ணெய்க்கு வரி திரும்பி வரும். ஓநாய் கன்றைக் கடித்தால் அதற்கும் காசு வரும். சாணியைக் குவித்து வைக்கச் சீமெந்துத் தொட்டி கட்டுவதற்கும் உதவி உண்டு என்று கேட்ட அன்று அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சாணிக்கும் காசு தாறாங்களடா! எங்கட ஊரில உதைக் கேட்டால் விசரெண்டு கட்டி வைச்சிருப்பாங்கள்."

மாடுகளைப் பற்றி அங்கே அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கடையின் பேச்சை ஒரே மாதத்தில் பாடமாக்கிவிட்டார். அப்போது புதிதாக வந்த மாகாண அரசாங்கம் வெல்ஃபேர் காசை வெட்டியிருந்தது. எனக்கு வேலையிழப்புக் காப்புறுதி முடிந்து, நானும் அந்த வரிசையில் போய் நிற்கவேண்டிய காலம். ஒரு இரவு சாப்பாட்டு மேசையில் அத்தான் குழம்பைப் பிசைந்தபடி சொன்னார்.

"இந்த வெல்ஃபேர் எடுக்கிற சனத்தாலதான் இந்த நாடு நாசமாய்ப் போகுது. ஆம்பிளையெண்டால் உழைச்சுச் சாப்பிட வேணும்."

"நீங்களும் பார்க்டேலுக்கு வந்த புதுசில எடுத்தனீங்கள்தானே அத்தான்? இப்ப மாட்டுக்கு எடுக்கிறியள்."

"அது வேற, இது வேற."

இந்த நாலு சொல்லில் அவருடைய முழுத் தத்துவமும் அடக்கம். மனிதனுக்குக் கொடுத்தால் அது பிச்சை. மாட்டுக்குக் கொடுத்தால் ஊக்கம். நான் தட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பேஸ்மென்டில் இருப்பவனுக்கு மேல்வீட்டாரோடு வாதிட ஓரளவுக்குத்தான் உரிமை.

ஓநாய்க் காசையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு வசந்தத்தில் கன்று ஒன்று கடிபட்டுச் செத்தது. மதிப்பிட நகரசபையால் ஒரு மனிதர் வந்தார். அத்தான் சாவீட்டுக்காரர்போலக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். பெரிய ஆபீசர் வருகிறார் என்று அக்காவை விடிய எழுப்பிச் செய்வித்த மட்டன் ரோல்ஸும் கடலை வடையும் தட்டில் இருந்தன. அந்த மனிதர் இப்படியொரு துக்கவீட்டைக் கண்டதேயில்லை. ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டு, கண் கலங்கி (மிளகாய் கூடிப்போயிருக்கலாம்), கன்றுக்கு நல்ல விலை எழுதிவிட்டுப் போனார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கதையில் ஏதாவது இழக்க இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அக்கா நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு மாட்டிறைச்சி ஃபக்டரியில் வேலை செய்தாள். பார்க்டேலில் இருந்த காலத்தில் பிடித்த வேலை. அப்போது நடந்து போகும் தூரம். அஜின்கோர்ட்டுக்கு வந்த பிறகு இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் எடுத்து, இருட்டில் போய் இருட்டில் வந்தாள். வெள்ளைக் கோட்டும் தலைவலையும் போட்டு, குளிரூட்டிய மண்டபத்தில் நின்று, வெட்டி வரும் இறைச்சியைப் பெட்டியில் அடைப்பது வேலை. வீட்டின் மோட்கேஜ் அந்தச் சம்பளத்தில் ஓடியது. காணிக்கடனும் அதில்தான் ஓடியது. ஆனால் வெளியில் அவள் வேலை செய்தது 'பிஸ்கட் ஃபக்டரி'யில். அப்படித்தான் சொல்லவேண்டும் என்பது அத்தானின் உத்தரவு. அதனால் ஒரு சிக்கலும் வந்தது. தெரிந்தவர்கள் உடைந்த பிஸ்கட் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அத்தான் கடையில் பிஸ்கட் வாங்கி, விலைத்துண்டை நகத்தால் சுரண்டிவிட்டு, "ஃபக்டரியில குடுத்தது" என்று பகிர்ந்து கொடுத்தார்.

அக்காவுக்கு நல்ல குரல். பார்க்டேலில் இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவருடைய அப்பார்ட்மென்டில் சுவாமிப் படம் வைத்துக் கும்பிடுவோம். அக்கா பதிகம் பாடுவாள். ஃபக்டரியால் வந்த களைப்போடு கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினால், ஹோலில் கிரிக்கெட் கதைத்துக்கொண்டிருந்த ஆண்களும் வாயை மூடுவார்கள். அந்தக் கிழமையில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு கிடங்குக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துக் கோயிலாக்கினார்கள். அத்தான் அதன் தலைவரானார். தலைவரானதும் செய்த முதல் சீர்திருத்தம், அக்காவை மூலஸ்தானத்துக்கு முன்னால் பாடவேண்டாம் என்று நிறுத்தியது.

"இஞ்சரும், நீர் உந்தக் கையால அங்க மாட்டைத் தொட்டுப்போட்டு இஞ்ச வந்து சுவாமிக்கு முன்னால நிக்கிறது சரியில்லை."

"உந்தக் கையாலதானே மோட்கேஜும் கட்டுறன்."

"அது வேற, இது வேற."

அக்கா பிறகு கேட்கவில்லை. கோயிலில் பின்வரிசையில், சப்பாத்து வைக்கும் றாக்கைக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுவாள். வீட்டில் உடுப்புக்கு அயன் போடும்போது மட்டும் முணுமுணுப்பாள். நான் கீழே இருந்து கேட்பேன். எனக்குச் சாமி பக்தி அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் அந்த முணுமுணுப்பைக் கேட்கும்போது அத்தானின் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருக்கும்.

அதே அத்தான் கோயிலில் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? தன் பண்ணையில் பசுக்கள் நிற்கின்றன, அபிஷேகத்துக்குப் பால் அங்கேயிருந்துதான் வருகிறது என்று. சனம் உருகிப் போனது. வெள்ளி விடியற்காலையில் சுப்பர் மார்க்கெட்டில் பையில் விற்கும் பாலை வாங்கி, பைகளைக் கத்தரித்து, சில்வர் வாளியில் ஊற்றிக் கோயிலில் இறக்குவது என் வேலை. மலிவாய்ப் போட்டிருந்தால் இரண்டு வீதக் கொழுப்புப் பாலை வாங்குவேன். முருகனுக்கும் வயது போகிறது, கொழுப்பைக் குறைத்தால் நல்லது. ஒரு பெரியவர் தீர்த்தத்தை வாயில் விட்டுக் கண்ணை மூடி, "பண்ணைப் பாலெண்டால் பண்ணைப் பால்தான்" என்றார்.

ஒரே மாடுகள். அரசாங்கத்துக்கு அவை இறைச்சி, ஆண்டவனுக்கு அவை பால். இரண்டு வாசலிலும் அத்தானுக்கு மாலை விழுந்தது.

வினை அந்த மார்கழியில் தொடங்கியது. கோயில் கூட்டத்தில் ஒரு அன்ரி எழும்பி, தலைவரின் பண்ணையில் இவ்வளவு பசுக்கள் நிற்கும்போது இந்த முறை பட்டிப்பொங்கலை அங்கேயே பொங்கினால் என்ன என்று கேட்டார். தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பொங்கிப் படைக்கிறது எங்கள் வழக்கம். கனடாவுக்கு வந்த பிறகு மாடு இல்லாததால் அது விடுபட்டுப் போயிருந்தது. மண்டபம் கைதட்டியது. அத்தான் மறுக்க வாயெடுத்தார். ஆனால் பங்குனியில் தலைவர் தேர்தல். எதிர்க்கட்சிக்காரர் முன்வரிசையில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன, தாராளமாய்ச் செய்வம்," என்றார் அத்தான்.

அதே நேரத்தில் இன்னொரு அவசரமும் வந்தது. அந்த வருடத்துக் கமக்காரர் கணக்குக்கு விற்பனை இன்னும் போதவில்லை. தை முடியுமுன் ஒரு தொகுதி மாட்டை விற்காவிட்டால் காணிவரி முழுவதையும் கையால் கட்டவேண்டும், பட்டமும் போய்விடும். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு லொறியை ஒழுங்கு செய்தார். வாங்கும் இடத்துக்குத் திங்கள் காலை வேலைக்கு மாடு வேண்டுமாம். ஆகவே ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வந்து ஏற்றுவார்கள். மாடுகள் எந்த ஃபக்டரிக்குப் போகின்றன என்று அத்தானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பட்டிப்பொங்கலும் அதே ஞாயிறுதான். ரொறொன்ரோவில் எல்லாத் திருநாளும் சனி ஞாயிறில்தான் வரும். கிழமை நாளில் சூரியனுக்கே லீவு கிடைக்காது. அத்தான் கச்சேரிக் கணக்குப் போட்டார். ஒன்பது மணிக்குப் பூசை, பதினொன்றுக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்குச் சனம் பஸ் ஏறிவிடும், மூன்று மணிக்கு லொறி. இடையில் மூன்று மணி நேரம் வெற்றாக இருக்கிறது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பிறந்த நாள் தொட்டுத் தமிழ்ச் சனத்தோடு வாழ்ந்த மனிதர், ஒன்பது மணிப் பூசை ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று நம்பியது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் செய்த உண்மையான தவறு.

அந்த வாரம் முழுக்க அக்கா அயன் மேசையில் முணுமுணுக்கவில்லை. வாய்விட்டே பாடினாள். நான் மேலே போனபோது கேட்டாள்.

"தம்பி, அது கோயில் இல்லைத்தானே? எங்கட காணிதானே? அங்க நான் பாடலாம்தானே?"

"நீங்கள் காசு குடுத்து வாங்கின காணி அக்கா. பாடுங்கோ."

"அத்தானைக் கேட்டனான். பாப்பம் எண்டவர்."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்டேலுக்குப் பிறகு கண்டதில்லை. 'பாப்பம்' என்றால் அத்தானின் அகராதியில் என்ன என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் புதுச் சீலைக்கு அயன் போட்டாள்.

ஞாயிறு விடிந்தபோது மூச்சு மீசையில் உறையும் குளிர். வாடகைக்குப் பிடித்த இரண்டு பள்ளிக்கூட பஸ்களில் சனம் வந்து இறங்கியபோது பதினொன்றரை. வழியில் கோப்பிக்கு நிறுத்தினார்களாம். கோப்பி குடித்ததால் இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தினார்களாம். ஐயர் மிஸிஸாகாவில் ஒரு வீடு குடிபூரலை முடித்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு வந்தார். காஸ் அடுப்பு குளிரில் பற்ற ஒரு மணித்தியாலம் எடுத்தது. அத்தான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக நின்றார்.

மாடுகளுக்குச் சந்தனம் பூசினோம். பூசுமுன்பே விரலில் கட்டியானது. மாலை போட்டோம், பக்கத்து மாட்டின் மாலையை மற்ற மாடு தின்றது. சீலைக்கு மேல் ஜாக்கெட்டும், ஜாக்கெட்டுக்கு மேல் பொன்சங்கிலியும் போட்டிருந்த ஒரு அன்ரி, மாட்டின் காதில் தொங்கிய மஞ்சள் இலக்கத்தைக் காட்டி, "உதென்ன அண்ணை?" என்றார்.

"காது குத்தினது," என்றார் அத்தான்.

"மடியைக் காணேல்லை. இதில எங்க பால் கறக்கிறது?"

"குளிருக்கு உள்ள இழுத்துப்போடும்."

அன்ரி விடவில்லை. ஊரில் மாடு வைத்திருந்த மனுசி. குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணை, இது நாம்பனெல்லே! ஆம்பிளை மாடு!"

"துணைக்கு நிக்குது," என்றார் அத்தான், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அந்தத் திறமைக்காவது ஒரு மானியம் கொடுக்கலாம்.

அக்கா புதுச் சீலையோடும், என்னுடைய பழைய ஜாக்கெட்டோடும், பண்ணை றப்பர் பூட்ஸோடும் அரிசித் தட்டை ஏந்திக்கொண்டு பானையடிக்கு வந்தாள். அத்தான் குரலைத் தாழ்த்தினார். ஆனால் குளிரில் குரல் தெளிவாகக் கேட்கும்.

"இஞ்சரும், நீர் பானையடிக்கு வராதேயும். தட்டை அவையிட்டைக் குடும். பாட்டு மாதர் சங்கம் பாடட்டும்."

"பாப்பம் எண்டனீங்கள்."

"இப்பதானே பாத்தனான். ஐயரும் நிக்கிறார், எலெக்ஷனும் வருகுது. போய் அங்கால நில்லும்."

அக்கா தட்டைக் கொடுத்துவிட்டுக் கொட்டில் வாசலில் போய் நின்றாள். அவள் அழவில்லை, குளிரில் கண்ணால் தண்ணீர் வருவது எல்லோருக்கும் பொது. எனக்கு அன்றைக்கு அத்தானில் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. மாதர் சங்கத்தில் நாலு பேர் நாலு சுருதியில் தொடங்கி, மூன்றாவது வரியில் சொல் மறந்து, முதல் வரிக்குத் திரும்பி வந்தார்கள்.

இரண்டரை மணிக்குப் பால் விளிம்புக்கு ஏறியது. சனம் "பொங்கலோ பொங்கல்" சொல்லத் தயாராக நின்றது. அப்போது லொறி வந்தது. பனிப்புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னதால் மாட்டுக்காரர்களின் வழக்கப்படி அரைமணி முந்தி வந்துவிட்டது. பீப் பீப் என்று பின்னுக்கு வந்து, சாய்வுப் பலகையைக் கொட்டில் வாசலில் இறக்கியது.

"வைக்கல் லொறி, வைக்கல் லொறி," என்று கையை விரித்துச் சமாளித்தார் அத்தான்.

சாரதி குதித்து இறங்கினான். சிவந்த தாடியும் தொப்பியும். கொட்டில் வாசலில் நின்ற அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்து, பெரிய குரலில் வணக்கம் சொன்னான். அவன் மாடு கொண்டுபோய் இறக்குவது அக்கா வேலை செய்யும் ஃபக்டரியில்தான். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள். அங்கே பெட்டியில் அடைப்பது போதாதென்று இங்கே வளர்க்கவும் தொடங்கிவிட்டாயா என்று கேட்டுத் தானே சிரித்தான்.

எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. பஸ்ஸில் தாயோடு வந்திருந்த ஒரு யூனிவர்சிட்டிப் பிள்ளை அந்தக் குறையைத் தீர்த்து வைத்தாள்.

"அம்மா, திஸ் இஸ் எ மீற் ட்ரக்! இந்த கௌஸ் எல்லாத்தையும் கொல்லக் கொண்டு போறாங்கள். அன்ரியும் அங்கதானாம் வேலை. ஐ ஆம் சீரியஸ்!"

பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. ஒருவரும் பொங்கலோ பொங்கல் சொல்லவில்லை. ஐயர் மணியை மெதுவாகக் கீழே வைத்தார். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் சாப்பிட்டவர்போலத் திருப்தியாகப் பார்த்தார்.

அத்தான் ஒரு கணம்தான் யோசித்தார்.

"எனக்கொண்டும் தெரியாது. கோயிலறிய எனக்குத் தெரியாது! இவதான் அங்க வேலை செய்யிறவ. வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான். அங்க ஆரிட்டையோ சொல்லி இவதான் லொறியைக் கூப்பிட்டிருக்கிறா போல."

நூறு சோடிக் கண்களும் அக்காவிடம் திரும்பின. அரிசித் தட்டை வைத்திருந்த பெண், அதை அக்கா தொட்டது ஞாபகம் வந்தவள்போலப் பனியில் இறக்கி வைத்தாள். காதுக் குத்தைப் பார்த்த அன்ரி ஒரு அடி பின்னுக்கு நகர்ந்தார். பிஸ்கட் தின்ற வாய்கள் எல்லாம் இறுகிப் போயின. நான் "அது பொய்" என்று கத்தினேன். பேஸ்மென்டில் இருக்கும் மைத்துனனின் குரலை அந்தக் கூட்டத்தில் யார் கணக்கெடுத்தார்கள்?

சாரதிக்கு எங்கள் விவகாரம் விளங்கவில்லை. வானத்தைப் பார்த்தான். எந்த மாடுகள் என்று அத்தானிடம் கேட்டான். அத்தான் கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். அவன் மீண்டும் கேட்டான்: புயல் வருகிறது, இப்போது ஏற்றாவிட்டால் இனி மாசி மாதம்தான் வருவேன், எந்த மாடுகள்?

அத்தான் சனத்தைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். மாசி என்றால் கணக்கு முடிந்துவிடும். வரி முழுவதும் கையால். அவர் தலையாட்டவில்லை, கை பையில்தான் இருந்தது. ஆனால் முகவாய் மட்டும் மெல்ல உயர்ந்து, மாலை போட்டு நின்ற மாடுகளின் பக்கம் திரும்பியது. சின்ன அசைவுதான். அங்கே நின்ற அத்தனை பேரும் கண்டார்கள்.

சாரதி தலையை ஆட்டிவிட்டுக் கதவைத் திறந்தான். மாடுகள் ஒவ்வொன்றாக, நெற்றியில் குங்குமத்தோடும் கழுத்தில் மிச்ச மாலையோடும், பலகையில் கால் வைத்தன.

அப்போது அக்கா கையுறைகளைக் கழற்றி ஜாக்கெட் பையில் வைத்தாள். நேரே நடந்து வந்து சாய்வுப் பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் மாட்டின் நெற்றியில் அந்தக் கையை வைத்தாள். அத்தான் ஓடி வந்தார்.

"இஞ்சரும், என்ன செய்யிறீர்? சனம் பாக்குது!"

"பாக்கட்டும்," என்றாள் அக்கா. அவள் சத்தம் போடவில்லை. "இந்தக் கிழமைக்குள்ள இதெல்லாம் என்ர மேசைக்கு வரும். அங்க பாடினால் மெஷின் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்காது. அதால இஞ்ச பாடப்போறன்."

கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். ஒரு சொல் மறக்கவில்லை, ஒரு இடத்தில் குரல் நடுங்கவில்லை. சாரதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். எங்கள் சனம் பதிகம் கேட்டால் கைகூப்பிப் பழகிய சனம். முதலில் ஐயரின் கை கூடியது, பிறகு அந்த அன்ரியின் கை, பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் ஒரு இறைச்சி லொறியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியாக அத்தானும் பையில் இருந்து கையை எடுத்தார். அக்கா கடைசி மாடு ஏறி முடியும் வரைக்கும் பாடினாள்.